கருவி பார்ப்பதில்லை: வீட்டு ஒளிப்படங்களுக்குக் கற்றல் தேவையில்லை என்ற கருத்துக்கு ஒரு மறுப்பு

விருந்தையும் குடும்பக் கூடலையும் படமெடுப்பதற்கு எவரும் எதையும் கற்கத் தேவையில்லை என்ற கருத்து, இன்று தமிழ்க் குடும்பங்களில் விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாக நிலைபெற்றுவிட்டது. நல்ல கைப்பேசி ஒன்றை வாங்கினால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்று வாங்குபவர் நம்புகிறார், விற்பவர் உறுதியளிக்கிறார், படம் சரியாக வராதபோது இருவரும் குறையைக் கருவியின் மேல் ஏற்றிவிட்டு, அடுத்த மாதிரி சந்தைக்கு வரும்வரை காத்திருக்கின்றனர். இக்கருத்து தவறானது என்பதும், அதனால் குடும்பங்கள் இழப்பவை எளிதில் ஈடுசெய்ய முடியாதவை என்பதும் இங்கே நிறுவப்படும்.

மறுக்கப்படும் கருத்தின் வலு

எந்தக் கருத்தையும் அதன் மெலிந்த வடிவத்தில் மறுப்பதால் பயனில்லை என்பதால், இதன் வலுவான வடிவத்தை முதலில் எடுத்துரைப்பது முறையாகும். அவ்வடிவம் ஐந்து தூண்களின் மேல் நிற்கிறது. முதலாவது, ஒளியின் அளவு, குவியம், நிறச் சமநிலை ஆகிய மூன்றையும் ஒருகாலத்தில் மனிதர் கணித்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்று கருவி நொடிப்பொழுதில் அவற்றைத் தீர்மானிக்கிறது. இரண்டாவது, பிலிமுக்குச் செலவில்லாத இக்காலத்தில் நூறு படங்களை எடுத்தால் ஒன்றாவது தேறும். மூன்றாவது, தேறாததைப் பிறகு திருத்திக்கொள்ளச் செயலிகள் இருக்கின்றன. நான்காவது, முக்கியமான நிகழ்ச்சிகளுக்குத் தொழில்முறை ஒளிப்படக்காரர் வருகிறார். ஐந்தாவது, வீட்டுக் கூடல் என்பது உறவுகளுக்கான நேரம். அங்கே கலைப்பயிற்சிக்கு இடம் தேடுவது நிகழ்ச்சியின் இயல்பைக் கெடுக்கும்.

இவற்றுள் உண்மையின் கூறு இல்லாதது எதுவுமில்லை. ஒருகாலத்தில் வசதி படைத்தோருக்கே கிட்டிய படமெடுக்கும் வாய்ப்பு இன்று ஒவ்வொரு கையிலும் இருப்பது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. மேலும், இந்நம்பிக்கை புதியதும் அன்று. 1888இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன், நூறு படங்களுக்கான பிலிம் சுருளை உள்ளேயே பொருத்திய கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்கத் தொடங்கியபோது, பொத்தானை அழுத்துவது மட்டுமே வாங்குபவரின் வேலை, மற்ற அனைத்தும் நிறுவனத்தின் பொறுப்பு என்ற பொருள்படவே விளம்பரம் செய்தார். 1900இல் வந்த ஒரு டாலர் பிரௌனி கேமரா அதே வாக்குறுதியைச் சிறுவர்களிடமும் கொண்டுசேர்த்தது. ஆனால் அதே கோடக் நிறுவனம் நல்ல படங்களை எடுப்பது எப்படி என்று பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் கையேட்டையும் பல பத்தாண்டுகளாகப் பதிப்புமேல் பதிப்பாக வெளியிட்டு வந்தது. பொத்தானை அழுத்தினால் போதும் என்று சொன்னவர்களே அது போதாது என்பதை அறிந்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1. தானியங்கிக் கருவி நடுநிலையானது அன்று

கருவி தானாகத் தீர்மானிக்கிறது என்று கூறுவோர், எந்த அளவுகோலை வைத்துத் தீர்மானிக்கிறது என்று கேட்பதில்லை. கேமராவின் ஒளி அளவி, காட்சியிலிருந்து வரும் ஒளியைச் சராசரியாக்கி, அச்சராசரி நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இணையாக இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் அமைக்கப்பட்டது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பியனுப்பும் பரப்பையே ஒளிப்படத் துறையினர் நடுத்தரச் சாம்பல் என்பர். முகங்களையும் காட்சி வகைகளையும் அடையாளம் காணும் இன்றைய கைப்பேசிகள் இந்த அனுமானத்தை ஓரளவு திருத்துகின்றன என்றாலும் முழுதும் கைவிடவில்லை. ஆகவேதான் சட்டகம் முழுவதும் நிறையும் வெண்சோறு படத்தில் சாம்பல் பூத்துக் காட்சியளிக்கிறது. கல்சட்டியில் உள்ள வத்தக்குழம்பு தன் கருமையை இழந்து வெளிறிப்போகிறது. வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் கரிய நிறத்து மணமகனின் முகத்தில் கண்களும் தெரிவதில்லை. திரையில் முகத்தைத் தொட்டு, தோன்றும் வெளிச்சக் கோட்டை மேலோ கீழோ நகர்த்தினால் பிழை தீர்ந்துவிடும். ஆனால் பிழை இருக்கிறது என்று அறிந்தவரே அதைத் தீர்ப்பார்.

நிறத்தைப் பொறுத்தவரை இப்பிழை இன்னும் ஆழமானது. இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகளாக ஆய்வகங்கள் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய ஷெர்லி அட்டைகளில் வெண்ணிறத் தோல் கொண்ட பெண்ணின் உருவமே இருந்தது. அத்தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கொள்ளப்பட்டது. கரிய தோலின் நுண்சாயல்களைப் பிலிம் சரியாகப் பதியாத குறையைக் களைய உந்தியவற்றுள், தங்கள் பொருள்களின் பழுப்புச் சாயல்கள் படத்தில் வேறுபடவில்லை என்று சாக்லேட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் தயாரிப்பாளர்களும் எழுப்பிய முறையீடுகளும் இருந்தன என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் பதிவுசெய்திருக்கிறார். இச்செய்தியில் உணவும் மனிதரும் ஒரே பிழையின் இருமுனைகளாக நிற்பது கவனிக்கத்தக்கது. 2021இல் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில் பல்வேறு தோல் நிறங்களை உள்ளபடி காட்டுவதற்கென்று தனி ஏற்பாடு செய்து அறிவிக்க வேண்டியிருந்தது என்றால், அதுவரை தானியங்கித் தீர்ப்பு எவ்வளவு சாய்வுடையதாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். இன்றும் பல கைப்பேசிகளின் அழகூட்டும் வசதி, பாட்டியின் முகச் சுருக்கங்களை வழித்தெடுத்து, பேத்தியின் மாநிறத்தை வெளுக்கவைக்கிறது. அதை நிறுத்திவைக்கக் கற்பது, தன் குடும்பத்தின் முகம் எப்படி இருக்கலாம் என்ற தீர்ப்பை வேறொருவரிடமிருந்து திரும்பப் பெறுவதாகும்.

2. ஒளியைத் தேர்வது கருவியின் ஆற்றலுக்கு வெளியே உள்ளது

படத்தில் உணவுக்கு எஞ்சுவது என்ன? மணமும் சூடும் சுவையும் கழிந்தபின் அதன் மேற்பரப்பு மட்டுமே எஞ்சுகிறது. அம்மேற்பரப்பைப் பேசவைப்பது ஒளி வரும் திசை. பக்கவாட்டுச் சன்னலிலிருந்து வரும் ஒளி, தோசையின் முறுகலில் உள்ள ஒவ்வொரு மேட்டுக்கும் சிறு நிழலைத் தந்து அதன் மொறுமொறுப்பைக் கண்ணுக்கு உணர்த்துகிறது. நேர் எதிரே கைப்பேசியிலிருந்து பாயும் ஃபிளாஷ் ஒளி அந்நிழல்களையெல்லாம் அழித்துத் தோசையை அட்டையாக்குவதோடு, நெய்யும் எண்ணெயும் உள்ள இடங்களில் வெண்புள்ளிகளைத் தெளித்துவிடுகிறது. இட்லியிலிருந்து எழும் ஆவி, ஒளி அதன் பின்னிருந்து வந்து, பின்னணி இருண்டிருந்தால் மட்டுமே படத்தில் தெரியும். தட்டை எந்தப் பக்கம் திருப்புவது, சன்னல் அருகே நகர்த்துவதா, தலைக்கு மேலுள்ள விளக்கை அணைப்பதா என்ற முடிவுகளை எந்தக் கைப்பேசியும் எடுப்பதில்லை.

விளக்கை அணைப்பது ஏன் என்பதற்கு விளக்கம் தேவை. ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலை என்ற அளவால் குறிப்பர். அதன் அலகு கெல்வின். பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2700 கெல்வின் மஞ்சள் ஒளியையும், நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின் வெள்ளொளியையும், வீடுகளில் பரவலாக உள்ள வெள்ளை டியூப் லைட் ஏறத்தாழ 6500 கெல்வின் நீலச் சாயல் ஒளியையும் தருகின்றன. கைப்பேசி ஒரே வகை ஒளியை எளிதாகச் சமன்செய்கிறது. ஆனால் குத்துவிளக்கின் சுடரும் டியூப் லைட்டும் சன்னல் வெளிச்சமும் ஒரே முகத்தில் மூன்று பக்கமாக விழும்போது, எதைச் சமன்செய்தாலும் மற்றவை திரிந்துபோகின்றன. ஒரு விளக்கை அணைப்பதற்குப் பணம் செலவில்லை. அணைக்க வேண்டும் என்ற அறிவே தேவை.

பந்தியைப் படமெடுப்பவர்கள் அனைவரும் சந்திக்கும் தோல்வி ஒன்றுக்கும் காரணம் ஒளியின் இயல்பே. ஒளிமூலத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால், விழும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது இயற்பியலின் எதிர்விகித வர்க்க விதி. பந்தியின் ஓரத்தில் நின்று ஃபிளாஷ் அடித்தால், ஒரு மீட்டர் தொலைவில் உள்ளவருக்குக் கிடைக்கும் ஒளியில் பதினாறில் ஒரு பங்கே நான்கு மீட்டர் தொலைவில் உள்ளவருக்குக் கிடைக்கும். முதல் இலை வெளுத்துப்போக, ஆறாவது இலை இருளில் மூழ்குவது அதனால்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கைப்பேசியும் இவ்விதியை மீற முடியாது. ஃபிளாஷை நிறுத்திவிட்டு, மண்டபத்தின் விளக்கு வரிசையையோ வாசல் வெளிச்சத்தையோ நாடி நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்வதே தீர்வு.

3. நிற்கும் இடத்தை எந்தத் தானியங்கியும் தேர்ந்தெடுப்பதில்லை

படத்தின் பாதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எடுப்பவரின் கால்களால் முடிவாகிறது. வாழையிலையில் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதும், மேற்பாதியில் உப்பும் ஊறுகாயும் கூட்டும் பொரியலும், கீழ்ப்பாதியில் சோறும் இடம்பெறும் என்பதும் தமிழ் விருந்தின் ஒழுங்கு. பரிமாறுபவர் நிற்கும் பக்கத்திலிருந்து எடுக்கும் படத்தில் அவ்வொழுங்கு தலைகீழாகிவிடுகிறது. உண்பவரின் தோளுக்கு மேலிருந்தோ நேர் மேலிருந்தோ எடுக்கும்போதுதான் இலை தன் முறைமையோடு தெரிகிறது. பரந்து தட்டையாக இருப்பவற்றை மேலிருந்தும், நுரை பொங்கும் டவரா டம்ளர் காபி, குவித்துவைத்த லட்டு போன்று உயரம் உடையவற்றை அவற்றின் மட்டத்துக்குத் தாழ்ந்தும், கிண்ணத்தில் உள்ளவற்றைச் சாய்கோணத்திலும் எடுப்பது பயனுள்ள தொடக்க விதி. இதைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும்.

முகங்களுக்கு வரும்போது தொலைவின் விளைவு இன்னும் கடுமையாகிறது. கைப்பேசியின் முதன்மை வில்லை அகன்ற பார்வையுடையது. அகன்ற காட்சியை அடக்குவது அதன் வலிமை, மிக அருகே உள்ளதைப் பெருக்கிக் காட்டுவது அதனால் வரும் குறை. 12 அங்குலத் தொலைவில் எடுக்கும் தற்படத்தில் மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட கணித மாதிரி காட்டியது. கையை நீட்டி எடுக்கும் குழுப்படத்தில் ஓரத்தில் நிற்கும் அத்தை பருத்தும் சாய்ந்தும் தெரிவது இதே வகைக் குறையால்தான். பின்னர் அவர் படம் என்றாலே ஒதுங்கிச் செல்வதற்கும் அதுவே காரணமாகிறது. நான்கடி பின்னே சென்று இரு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுத்தால் முகங்கள் தம் இயல்பான அளவைப் பெறுகின்றன. வெளியில் எடுக்கும்போது இடத்தோடு நேரமும் சேர்கிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் இறுதியில் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நின்று, கண்குழிகளில் கரிய நிழலை நிரப்புகிறது. அவ்வேளையில் குடும்பத்தை முற்றத்து வெயிலிலிருந்து திண்ணை நிழலுக்கு நகர்த்துபவர், எந்தச் செயலியாலும் முடியாத திருத்தத்தைச் செய்துவிடுகிறார்.

உணவும் குடும்பமும் ஒன்றாக இடம்பெறும் ஒளிப்படங்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்று இவ்வாதத்துக்குத் துணைநிற்கிறது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரசோன் 1938இல் நீர்க்கரையில் எடுத்த அப்படத்தில், விடுமுறை நாளில் கரையோரப் புல்லில் அமர்ந்து உண்டு களிக்கும் குடும்பத்தினர் கேமராவுக்கு முதுகு காட்டி இருக்கின்றனர். ஒருவர் குவளையில் மதுவை ஊற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு முகமும் நேராகத் தெரியாத அப்படத்தில் ஓய்வும் நிறைவும் முழுமையாகத் தெரிகின்றன. தம் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்றையே அவர் பயன்படுத்தினார். கருவியின் பெருக்கமே படத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்போர் இதற்கு விடைகூற வேண்டும்.

4. எண்ணிக்கை தேர்வுக்கு ஈடாகாது

நூறு எடுத்தால் ஒன்று தேறும் என்ற வாதம், நூறும் ஒரே பிழையோடு எடுக்கப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறது. தவறான இடத்தில் நின்று, தவறான ஒளியில், ஒரே நொடிக்குள் எடுத்த இருபது படங்களும் ஒரே படத்தின் இருபது நகல்களே. கண்மூடாத முகத்தைத் தேர்ந்துகொள்ள அவை உதவலாம். நிழலில் புதைந்த முகத்தை அவற்றுள் ஒன்றும் மீட்காது.

அடுத்த கேள்வி, அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பது. 36 படங்கள் கொண்ட பிலிம் சுருளின் காலத்தில் செலவே தேர்வை வலியுறுத்தியது; எடுத்தவற்றை அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டும்போது இரண்டாம் தேர்வும் நிகழ்ந்தது. இன்று ஒரு வளைகாப்பின் படங்கள் பலருடைய கைப்பேசிகளில் சிதறி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குவிந்து, அடுத்த வாழ்த்துச் செய்திகளின் கீழ் புதைந்துபோகின்றன. தேர்ந்தெடுக்க அளவுகோல் வேண்டும். ஏன் இந்தப் படம் அந்தப் படத்தைவிட நன்று என்று சொல்லத் தெரியாதவருக்குக் குவியல் கூடக்கூடத் தேர்வு கடினமாகுமே அன்றி எளிதாகாது.

5. பிந்தைய திருத்தம் எடுக்காததைத் தராது

பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்பது, சரிசெய்வதற்கு ஏதோ பதிவாகியிருக்கிறது என்ற அனுமானத்தில் நிற்கிறது. அளவுக்கு மிஞ்சிய ஒளியில் முற்றிலும் வெளுத்துப்போன சோற்றுப் பருக்கைகளின் விவரம் கோப்பில் எங்கும் இருப்பதில்லை. செயலி அங்கே நிறத்தைப் பூசலாம், பருக்கையை மீட்க முடியாது. பாயசம் ஊற்றும் கை மங்கலான ஒளியில் அசைந்து கலங்கிவிட்டால், அக்கலக்கத்தைத் தணிக்கலாம், நீக்க முடியாது. ஊற்றும் கரண்டி ஒரு கணம் சாய்ந்து நிற்கும் வேளைக்குக் காத்திருக்கத் தெரிந்தவருக்கு இத்திருத்தமே தேவைப்படாது.

இல்லாததை உண்டாக்கும் ஆற்றல் இப்போது வந்துவிட்டதே என்று கேட்கப்படலாம். 2023இல் வந்த பிக்சல் 8, அடுத்தடுத்து எடுத்த குழுப்படங்களிலிருந்து ஒவ்வொருவரின் சிறந்த முகத்தையும் பொறுக்கி ஒரே படமாக்கும் வசதியைத் தந்தது. 2024இல் வந்த பிக்சல் 9, படமெடுத்தவரையும் குழுவுக்குள் சேர்த்துவைக்கும் வசதியைத் தந்தது. வசதி என்ற வகையில் இவை பயனுள்ளவையே. ஆனால் குடும்பப் படத்தின் மதிப்பு, அதில் காணும் கணம் நிகழ்ந்தது என்ற உறுதியில் தங்கியிருக்கிறது. தாத்தா அந்த நொடியில் பேரனைப் பார்த்துச் சிரித்தாரா, அல்லது வேறொரு நொடியின் சிரிப்பு இங்கே ஒட்டப்பட்டதா என்ற ஐயம் நுழைந்துவிட்டால், படம் சான்றாக நிற்கும் தகுதியை இழந்துவிடும். எடுக்கும்போதே சரியாக எடுக்கக் கற்றவர் இந்த ஐயத்துக்கு இடமளிப்பதில்லை.

6. கூலிக்கு வரும் ஒளிப்படக்காரர் குடும்பத்தின் கண் ஆகமாட்டார்

தொழில்முறை ஒளிப்படக்காரர் திறமையற்றவர் என்று இங்கே கூறப்படவில்லை. அவருடைய பொறுப்பு வேறு என்பதே வாதம். திருமணத்தில் அவர் சடங்கின் வரிசையைப் பின்தொடர வேண்டும். கெட்டிமேளம் முழங்கும்போது தாலிகட்டும் கணத்தைத் தவறவிடக் கூடாது. வரவேற்பு மேடையில் ஏறும் ஒவ்வொரு விருந்தினரையும் மணமக்களோடு நிறுத்தி எடுக்க வேண்டும். அதிகாலை மூன்று மணிக்குக் கொல்லையில் காய் நறுக்க அமரும் பெண்களும், விருந்து முழுவதையும் மேற்பார்த்துவிட்டுக் கடைசிப் பந்தியில் களைத்து அமரும் பெரியப்பாவும், யார் யாரோடு பல ஆண்டுகளாகப் பேசாமலிருந்து அன்று பேசினார் என்பதும் அவருக்குத் தெரிய வழியில்லை. இவற்றை அறிந்தவர் குடும்பத்தினர் மட்டுமே.

திருமணமும் காதுகுத்தும் அறுபதாம் கல்யாணமும் வாழ்வில் அரிதாக வருபவை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடும், பண்டிகைக்கு முந்தைய இரவில் முறுக்குப் பிழியும் அடுப்படியும், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குத் தட்டு வைக்கும் கையும் வாழ்வின் பெரும்பகுதி. அவற்றுக்கு ஒளிப்படக்காரரை எவரும் அழைப்பதில்லை. வீட்டில் ஒருவரேனும் கற்காவிட்டால், குடும்பத்தின் பதிவு மேடைகளின் பதிவாகக் குறுகிப்போகும்.

7. கற்றவரே கூடலைக் குறைவாகக் குலைக்கிறார்

ஐந்து தூண்களுள் வலுவானது இதுதான்: கூடலின்போது கூட இருப்பதே முதன்மை, படமெடுப்பது கவனத்தைச் சிதறடிக்கிறது. இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவற்றைவிடப் படமெடுத்தவற்றைக் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். ஆனால் இவ்வாய்வை மேற்கோளாகக் காட்டுவோர் அதன் மறுபாதியை விட்டுவிடுகின்றனர்: பொருளின் ஒரு பகுதியை நெருக்கிக் கவனித்துப் படமெடுத்தபோது அவ்விழப்பு நேரவில்லை. அலிக்சாண்ட்ரா பராஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வுகள், எதைப் படமெடுப்பது என்று தாமே தேர்ந்தவர்களுக்குக் கண்ட காட்சிகளின் நினைவு கூடியதையும், கேட்டவற்றின் நினைவு குறைந்ததையும் காட்டின.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு, படமெடுக்காதே என்பதாகாது. எண்ணாமல் எடுப்பது கவனத்தைச் சிதைக்கிறது, தேர்ந்து எடுப்பது கவனத்தைக் கூர்மையாக்குகிறது, பேச்சைக் கேட்க வேண்டிய வேளையில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதே முடிவு. இம்மூன்றும் கற்றலின் பகுதிகள். கற்காதவரே எல்லாரையும் மறுபடி மறுபடி நிறுத்திவைத்து, ஆறிப்போகும் உணவைக் காக்கவைத்து, குழந்தையைச் சிரிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். கற்றவர் ஒளி நல்ல இடத்தை முன்பே பார்த்துவைத்து, இரண்டு மூன்று படங்களோடு முடித்துக்கொண்டு இலைக்கு வந்து அமர்கிறார். கூடலின் இயல்பைக் காக்க விரும்புவோர் கற்றலை எதிர்ப்பதைவிடக் கோருவதே பொருத்தம்.

8. வீட்டுப் படம் சிறிய காரியம் அன்று

இவ்வளவு அக்கறை வீட்டுப் படத்துக்கு எதற்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடித் திரட்டி மின்வடிவில் பாதுகாத்தனர். உடை, நகை, அமரும் வரிசை, யார் நாற்காலியில் யார் தரையில் என்ற ஒழுங்கு ஆகியவற்றிலிருந்து ஒரு சமூகத்தின் வரலாறு அப்படங்களில் வாசிக்கப்படுகிறது. எடுத்த காலத்தில் அவையும் வெறும் வீட்டுப் படங்களே. இன்றைய வீட்டுப் படங்களிலிருந்து நாளை வாசிக்கப்படப்போவது என்ன என்பதை இன்று எடுப்பவர் தீர்மானிக்கிறார்.

இன்னும் அண்மையான விளைவு ஒன்று ஒவ்வொரு வீட்டுக்கும் வருகிறது. பெரியவர் ஒருவர் மறைந்தவுடன், மாலையிட்டு வைக்கவும் அஞ்சலிச் சுவரொட்டிக்கும் நல்ல படம் ஒன்றைத் தேடும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது அடையாள அட்டைப் படமோ, கல்யாணக் குழுப்படத்தின் ஓரத்திலிருந்து வெட்டியெடுத்த முகமோதான். அது ஏன் கலங்கித் தெரிகிறது என்பதை எளிய கணக்கு காட்டும். 12 மெகாபிக்சல் படம் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 4000 புள்ளிகள். ஒரு வரிசைக்கு இருபது பேர் நின்றால் ஒருவருக்கு 200 புள்ளிகள். அவருடைய முகத்துக்கு நூறளவில் அமையும். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும்போது படத்தை ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருக்கிவிடுவதால், குழுவிலிருந்து எடுத்த பிரதியில் அம்முகத்துக்கு நாற்பதே மிஞ்சும். 8 அங்குல அகல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 என்ற தரத்தில் 2400 புள்ளிகள் வேண்டும். ஆயிரம் படங்களில் இடம்பெற்ற ஒருவருக்கு அவர் முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படமும் இல்லாமல்போவது இப்படித்தான். சமைப்பவரும் பரிமாறுபவரும் இவ்விழப்புக்கு முதலில் ஆளாகின்றனர். உணவு எல்லாப் படங்களிலும் இருக்கிறது, அதை ஆக்கியவர் ஒன்றிலும் இல்லை.

தீர்ப்பு

கருவி வளர்ந்திருக்கிறது என்பதை மறுக்க வேண்டிய தேவையில்லை. அது எடுத்துக்கொண்ட வேலைகள் உண்மையில் கடினமானவை, அவற்றை அது நன்றாகவே செய்கிறது. எஞ்சிய வேலைகள் எங்கே நிற்பது, எந்த ஒளியை நாடுவது, எப்போது காத்திருப்பது, யாரைப் பார்ப்பது, எப்போது நிறுத்திக்கொள்வது என்பவை. இவை ஐந்தும் எடுப்பவருக்கே உரியன. ஐந்தும் பிறவித் திறமை வேண்டாமல் பயிற்சியால் வருவன. ஆகையால் புதிய கைப்பேசி வாங்கும் பணத்தை ஓராண்டு தள்ளிவைத்து, இருக்கும் கைப்பேசியில் அழகூட்டும் வசதியையும் ஃபிளாஷையும் நிறுத்திவிட்டு, சன்னல் அருகே நகரவும், நான்கடி பின்னே செல்லவும், எடுத்தவற்றுள் நல்லதை அன்றிரவே தேர்ந்து முழு அளவில் சேமிக்கவும், சிலவற்றை அச்சிடவும் பழகுவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் இயலும். அடுத்த விருந்தில் இலையைப் படமெடுப்பதற்கு முன், அடுப்படிக்குச் சென்று, சமைத்தவரைச் சன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, அவருடைய முகம் சட்டகத்தை நிறைக்க ஒரு படம் எடுங்கள்.